பதர் தூற்றும் பொறி

களத்துமேட்டில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பதரைப் பறக்கவிடுவது பெரிய வித்தையன்று. காற்று வந்தால் அது தானே பறந்துவிடும். பதரோடு சேர்ந்து ஒரு மணிகூடப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. மின்னஞ்சலில் நாள்தோறும் வந்து குவியும் குப்பையைத் தூற்றுவதற்கென்று உலகின் பல மூலைகளில் இருப்போர் எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி இங்கே சில சொல்ல விரும்புகிறேன். புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியனாகிய எனக்கு அவற்றின்பால் ஏற்பட்ட ஈடுபாடு பதரால் வந்ததன்று, மணியால் வந்தது.

குப்பை அஞ்சல் நேற்று முளைத்த தொல்லை என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இன்றைய இணையத்தின் தாய் எனத்தக்க ஆர்ப்பாநெட் வலையில் மிகச் சிலரே கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1975 நவம்பரிலேயே, ஜான் போஸ்டல் என்னும் அறிஞர் இது குறித்துச் சிறு குறிப்பொன்றை வெளியிட்டார். வேண்டாத செய்திகளை வேண்டாமென்று மறுக்க ஒரு கணிப்பொறிக்கு வழியே இல்லையே என்பது அவர் கவலை. நோய் வருமுன்பே நாடி பார்த்துச் சொன்னவர் அவர். ஆனால் மருந்து காய்ச்சுவார் எவருமில்லை. 1978 மே 3ஆம் நாள், டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், தம் நிறுவனத்தின் புதிய கணிப்பொறிகளைக் காண வரும்படி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். வலையே கொந்தளித்தது. அவரோ அதனால் விற்பனை நன்றாக நடந்தது என்றே பின்னாளில் சொல்லிவந்தார். நோயின் வேர் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறதல்லவா?

1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிமுறை, அனுப்புகிறவர் தம்மை யாரென்று சொல்கிறாரோ அதை அப்படியே நம்பியது. அஞ்சலட்டையில் ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் எந்தப் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்கப் போவதில்லை; அதைப் போலத்தான். ஆயினும் அஞ்சலட்டைக்குக் காசு உண்டு. லட்சம் பேருக்கு அட்டை போட வேண்டுமானால் வீட்டை விற்கவேண்டும். மின்னஞ்சலிலோ முதல் கடிதத்திற்கும் லட்சமாவது கடிதத்திற்கும் செலவில் வேற்றுமை இல்லை. லட்சத்தில் ஒருவர் ஏமாந்தாலும் அனுப்பியவனுக்கு லாபம். மற்றவர்கள் தலையில் நேரமும் இடமும் செலவு. இந்தக் கணக்கு மாறாதவரை, ‘அனுப்பாதீர்’ என்று சட்டம் போட்டு மட்டும் எதுவும் ஆகிவிடாது. அமெரிக்கா 2003இல் சட்டம் போட்டுத்தான் பார்த்தது.

இதற்கு ‘ஸ்பாம்’ என்று பெயர் வந்த கதை சுவையானது. 1937இல் ஹார்மெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டப்பா இறைச்சியின் பெயர் அது. 1970இல் இங்கிலாந்தில் மாண்டி பைத்தான் என்னும் நகைச்சுவைக் குழுவினர் ஒரு நாடகத் துணுக்கு நடித்தனர். அதில் வரும் உணவு விடுதியில் எதைக் கேட்டாலும் ஸ்பாம் சேர்ந்தே வரும். வேறு பேச்சே எழாதபடி ஸ்பாம், ஸ்பாம் என்று பாடிக்கொண்டேயிருப்பார்கள். நல்ல பேச்சை அமுக்கிவிடும் இரைச்சலுக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது. குப்பை ஸ்பாம் ஆனதால் நல்ல கடிதத்திற்கு ‘ஹாம்’ என்று பெயர் வைத்தார்கள் நிரல் எழுதுவோர். ஹாம் என்பதும் பன்றி இறைச்சிதான்! சைவர்கள் மன்னிப்பார்களாக.

இனி மணியின் கதைக்கு வருகிறேன். 2005இல் எங்கள் துறையில் முதுகலை முடித்த மாணவி ஒருவர் வடநாட்டிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திற்கு விண்ணப்பித்திருந்தார். வீட்டில் கணிப்பொறி கிடையாது. பேருந்து நிலையத்தருகே இருந்த பிரவுசிங் சென்டருக்கு வாரம் இருமுறை போய், அரைமணி நேரத்திற்குக் காசு கொடுத்துத் தம் அஞ்சல் பெட்டியைப் பார்த்துவருவார். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு வந்தது. ஆனால் பெட்டிக்கு வரவில்லை. பெட்டியின் பின்னால் இருந்த குப்பைக்கூடைக்கு வந்தது. அப்படியொரு கூடை இருப்பதையே அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. தற்செயலாக அதைத் திறந்து பார்த்தபோது தேர்வு முடிந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. “நான் என்ன சார் தப்பு பண்ணினேன்? அவங்க அனுப்பியிருக்காங்க. எனக்குத்தான் வந்திருக்கு. நடுவிலே யார் சார் இது குப்பைன்னு சொன்னது?” என்று கேட்டார். அந்த அஞ்சல் சேவைக்கு நாங்கள் எழுதிக் கேட்டோம். இயந்திரம் எழுதிய நன்றிக் கடிதம் ஒன்று வந்தது, காரணம் வரவில்லை. அந்த மாணவி அடுத்த ஆண்டு வேறோரிடத்தில் சேர்ந்துவிட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் துறையிலேயே தங்கிவிட்டது.

அக்கேள்விக்கு விடை தேடித்தான் துறையிலிருந்த பழைய கணிப்பொறி ஒன்றில் லினக்ஸை ஏற்றி, அதன்மேல் ஸ்பாம் அசாசின் என்னும் மென்பொருளை நிறுவினோம். குப்பையைக் கொல்வோன் என்பது பெயரின் பொருள். பெயர்தான் பயங்கரம், ஆள் சாது. அயர்லாந்துக்காரரான ஜஸ்டின் மேசன் 2001இல் இதை வெளியிட்டார். 2004 முதல் அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் தன்னார்வலர்களால் பேணப்பட்டு வருகிறது. இதை விலையில்லாமல் பெறலாம். ஆனால் விலையில்லை என்பது அதன் சிறப்புகளில் மிகச் சிறியது. அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம், இதுவே பெரிது. கட்டற்ற என்ற சொல்லுக்கு அதுதான் பொருள்.

ஸ்பாம் அசாசின் ஒரு தேர்வாளரைப் போன்றது. வரும் கடிதத்தைப் பல நூறு விதிகளைக் கொண்டு சோதிக்கிறது. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்திலா? இத்தனை மதிப்பெண். அனுப்பிய நேரம் வருங்காலத்தில் இருக்கிறதா? இத்தனை மதிப்பெண். அனுப்பிய கணிப்பொறி கெட்ட பெயர் எடுத்தவர்களின் பட்டியலில் உள்ளதா? இத்தனை. நம்பிக்கை தரும் அடையாளம் இருந்தால் கழித்தலும் உண்டு. எல்லாம் கூட்டி 5 மதிப்பெண் வந்துவிட்டால் கடிதம் குப்பை. நம் கல்லூரியில் மதிப்பெண் குறைந்தால் தோல்வி. அங்கே மதிப்பெண் ஏறினால் தோல்வி. அவ்வளவே வேற்றுமை.

என்னைக் கவர்ந்தது இந்தத் தேர்வு அன்று. அதன் மதிப்பெண் பட்டியல். ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பகுதியிலும் எந்தெந்த விதியில் அது சிக்கியது, எதற்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, தோல்விக்கு எல்லை எவ்வளவு என்று அந்த மென்பொருள் எழுதிவைத்துவிடுகிறது. அந்த மாணவிக்குக் கிடைக்காத விடை இதுதான். விடைத்தாளைத் திருத்தியவர் பக்கத்திற்குப் பக்கம் போட்ட மதிப்பெண்ணை நமக்குக் காட்டுகிறார், மறுகூட்டல் கேட்கலாம், விதியே தவறென்றால் விதியையும் மாற்றலாம். எல்லை 5 என்பதும் வேதவாக்கன்று. ஒரு கோப்பில் ஒரு வரியை மாற்றினால் 6 ஆகும், 8 ஆகும். ஒரு நல்ல கடிதம் போவதைவிட நாலு குப்பை உள்ளே வந்தாலும் பாதகமில்லை என்று எண்ணுகிறவர் எல்லையை உயர்த்திக்கொள்ளலாம். எங்கள் துறையில் அப்படித்தான் உயர்த்தினோம்.

ஆயினும் விதிகளுக்கென்று ஒரு குறை உண்டு. அவற்றை எழுதியவன் எந்த ஊர்க்காரனோ அந்த ஊரின் கண் அவற்றில் இருக்கும். இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்றொரு ஊர். அதன் ஆங்கில எழுத்துக் கோவைக்குள் வாயால் சொல்லத் தகாத சொல்லொன்று தற்செயலாக ஒளிந்திருக்கிறது. 1996இல் அவ்வூரார் ஏ.ஓ.எல். என்னும் இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முயன்றபோது, ஆபாசத்தைத் தடுக்கும் நிரல் ஊர்ப்பெயரையே ஏற்க மறுத்துவிட்டது. இங்கிலாந்து ஊருக்கே அந்தக் கதி என்றால் நம் நிலை என்ன? ஸ்பாம் அசாசினில் எந்தெந்த எழுத்து வகைகள் தமக்கு உகந்தவை என்று சொல்ல ஒரு வசதி உண்டு. மேலை எழுத்துகள், ஜப்பான், கொரியா, ரஷ்யா, தாய், சீனம் ஆகிய ஆறு பிரிவுகளே அதில் இருந்தன. தமிழ் இல்லை. யூனிகோடு முறையில் வந்த தமிழ் அவ்விதியில் சிக்காமல் தப்பியது. ஆனால் அந்நாளில் பலர் திஸ்கி முறையிலும் எழுதிவந்தார்கள். அம்முறையில் தலைப்பிட்டு அனுப்பிய கடிதங்கள், ‘தலைப்பில் ஒவ்வாத எழுத்துகள் மிகுதி’ என்று மற்றொரு விதியில் மதிப்பெண் வாங்கின. எவரும் தமிழுக்குப் பகைவரல்லர். தம் வாசலில் எதைக் கண்டார்களோ அதை வைத்து விதி எழுதினார்கள். அவர்கள் வாசலுக்குத் தமிழ் வந்ததேயில்லை.

விதி எழுதுவோனின் கண்ணை நம்பாமல், கடிதம் பெறுவோனின் கண்ணையே நம்பும் வழி ஒன்று உண்டா? உண்டு. அதை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பாதிரியார் நமக்கு எழுதிவைத்துப் போயிருக்கிறார். தாமஸ் பேயீஸ் என்பது அவர் பெயர். 1761இல் மறைந்தார். அவர் தாள்களிலிருந்து கண்டெடுத்த கட்டுரையை நண்பர் ரிச்சர்டு பிரைஸ் 1763இல் வெளியுலகுக்குக் கொடுத்தார். விளைவைக் கண்டு காரணத்தின் நிகழ்தகவை மதிப்பிடும் அத்தேற்றத்தைத்தான் நாங்கள் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு, கருப்புப் பந்தும் வெள்ளைப் பந்தும் போட்ட பானைகளைக் காட்டி நடத்துகிறோம். பாவம், பந்துகளையும் பானைகளையும் கேட்டுக் கேட்டு மாணவர்கள் களைத்துப்போயிருப்பார்கள்.

குப்பை அஞ்சலைப் பிரிக்க இத்தேற்றத்தைப் பயன்படுத்தலாம் என்று 1998இலேயே ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன. ஆனால் நிரல் எழுதுவோர் மத்தியில் அதைப் பரப்பியது, 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் எழுதிய கட்டுரை. தம்மிடமிருந்த குப்பைக் கடிதங்கள் 4000, நல்ல கடிதங்கள் 4000 ஆகியவற்றின் சொற்களை எண்ணி, எந்தச் சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணக்கிட்டார். ஆயிரம் குப்பையில் ஐந்துக்கும் குறைவாகவே தப்பின. நல்ல கடிதம் ஒன்றும் போகவில்லை என்றார். அவர் கண்ட ஒரு வேடிக்கை: பளிச்சென்ற சிவப்பு நிறத்தைக் குறிக்கும் ‘எஃப் எஃப் 0000’ என்ற குறியீடு, ஆபாசச் சொற்களுக்கு இணையாகக் குப்பையைக் காட்டிக்கொடுத்ததாம். சந்தையில் கூவுகிறவனுக்குச் சிவப்பு மையின்மேல் அத்தனை ஆசை! எந்த மனிதனுக்கு இப்படியொரு விதி எழுதத் தோன்றும்? நல்ல கடிதம் தொலைவதே பெரிய கேடு என்று உணர்ந்திருந்ததால், நல்ல கடிதங்களில் ஒரு சொல் வந்த எண்ணிக்கையை அவர் இரட்டிப்பாகக் கணக்கிட்டார். இது கணித நியாயமன்று, மனித நியாயம். எனக்கு உடன்பாடே.

அதன்பின் பேயீஸ் முறையிலான கட்டற்ற மென்பொருள்கள் பல வந்தன. போகோஃபில்டர், ஸ்பாம் பேயீஸ், பாப்ஃபைல் என்பன சில. தண்டர்பேர்டு என்னும் அஞ்சல் மென்பொருளினுள்ளும் அம்முறை புகுந்தது. ஸ்பாம் அசாசினும் தன் விதிகளோடு இதையும் சேர்த்துக்கொண்டது. குப்பை 200, நல்லது 200 காட்டிய பிறகே அதன் பேயீஸ் பகுதி வாய் திறக்கும். எங்கள் மாணவர்கள் சேகரிக்கத் தொடங்கினர். இருநூறு குப்பை ஒரு வாரத்தில் சேர்ந்துவிட்டது. இருநூறு நல்ல கடிதம் சேர இரண்டு மாதம் ஆயிற்று! நமக்கு அன்போடும் பொறுப்போடும் எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

கணக்கு இவ்வளவுதான். இருநூறு குப்பையில் எண்பதில் ‘பிரைஸ்’ என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறது. இருநூறு நல்ல கடிதத்தில் நான்கில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாய் வரும் கடிதத்தில் அச்சொல்லைக் கண்டால், அது குப்பையாயிருக்கும் நிகழ்தகவு 84இல் 80, அதாவது ஏறத்தாழ 0.95. கூடையில் போட்டுவிடலாமா? பொறுங்கள். அதே கடிதத்தில் ‘செமஸ்டர்’ என்ற சொல்லும் இருக்கிறது. அது குப்பையில் இரண்டில்தான் உண்டு, நல்லவற்றில் நாற்பதில் உண்டு. இரண்டையும் பெருக்குங்கள். குப்பைப் பக்கம் 80 பெருக்கல் 2, நல்ல பக்கம் 4 பெருக்கல் 40. இரண்டும் 160. தராசு நடுவில் நின்றுவிட்டது. கடிதம் என்னவென்று பார்த்தால், நம் கல்லூரியின் பரிசளிப்பு விழா அழைப்பு! ஒற்றைச் சொல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் விதி அதைக் கொன்றிருக்கும். சொற்கள் ஒன்றையொன்று சாராதவை என்று இக்கணக்கு நம்புகிறது. அது உண்மையன்று என்பதை எந்தப் புலவரும் சொல்வார். அதனால்தான் இதை ‘வெகுளி பேயீஸ்’ என்கிறார்கள். வெகுளியாயிருந்தும் வேலை செய்கிறது.

இரண்டு மாதம் பழக்கிய பிறகு, அது கற்றுக்கொண்ட சொற்பட்டியலைத் துறை அஞ்சலில் திறந்து பார்த்தோம். நல்ல பக்கத்தின் உச்சியில் எவை இருந்தன தெரியுமா? ‘ஐயா’, ‘வணக்கம்’, ‘அன்புள்ள’, ‘தேர்வு’, ‘விடுப்பு’ ஆகியவை. எல்லாம் தமிழ். தமிழ் என்றொரு மொழி இருப்பதே அந்த நிரலுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், இவ்வடிவங்களோடு வந்த கடிதம் எதையும் இவர்கள் குப்பை என்று எறிந்ததில்லை என்பது மட்டுமே. அந்நாளில் எங்களுக்கு வந்த குப்பையெல்லாம் ஆங்கிலத்திலேயே வந்தது. எனவே தமிழ் எழுத்து கண்ணில் பட்டதுமே வழிவிடப் பழகிவிட்டது அந்தப் பொறி. ஆறு எழுத்து வகைகளின் பட்டியலில் இடமில்லாத மொழிக்கு, பெறுகிறவனிடம் பாடம் கேட்ட மென்பொருள் இடங்கொடுத்தது. நான் வகுப்பில் பந்துகளையும் பானைகளையும் விட்டொழித்தது அன்றுதான்.

எதிரிகள் சும்மா இருப்பார்களா? மருந்துப் பெயரில் ‘ஐ’ எழுத்துக்குப் பதிலாக 1 என்று எழுதினார்கள். அந்த எழுத்துப் பிழையே முன்னதைவிட நல்ல அடையாளமாகப் போயிற்று; நல்லவர் எவரும் அப்படி எழுதுவதில்லையே! கடிதத்தின் அடியில் நாவல்களிலிருந்து நல்ல சொற்களை அள்ளித் தெளித்தார்கள். சொற்களைப் படமாக்கி அனுப்பினார்கள். அனுப்புநர் உண்மையானவர்தானா என்று கையொப்பமிட்டுச் சோதிக்கும் முறைகள் அதன்பின் வந்தன. 2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பில் கேட்ஸ், இன்னும் இரண்டே ஆண்டில் இத்தொல்லை தீர்ந்துவிடும் என்று சொன்னார். இருபதாண்டுக்கு மேலாகிவிட்டது. கூடை நிறைந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்று பெரும்பாலோர் பெரிய நிறுவனங்களின் அஞ்சல் சேவைகளிலேயே கணக்கு வைத்திருக்கிறோம். அவை குப்பையை மிகத் திறமையாகத் தடுக்கின்றன. இதை மறுப்பது நன்றியன்று. ஆனால் தடுத்ததற்கான மதிப்பெண் பட்டியலை முழுமையாக அவை காட்டுவதில்லை. காட்டினால் எதிரி கற்றுக்கொள்வான் என்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஸ்பாம் அசாசினின் விதிகள் இருபதாண்டுகளுக்கு மேலாக எதிரிகளின் கண்முன் திறந்தே கிடக்கின்றன. இன்றும் எத்தனையோ அஞ்சல் நிலையங்களில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மையே.

2022 டிசம்பரில் ஸ்பாம் அசாசினின் 4.0 பதிப்பு வந்தது. பிறமொழி எழுத்துகளை யூனிகோடாகவே கையாளும் வகையில் அதன் உட்பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார்கள். அதை ஏற்றிவிட்டுத் துறையின் சொற்பட்டியலை மீண்டும் புதிதாகப் பழக்க வேண்டியதாயிற்று. இப்போது குப்பையும் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டது. கடன் தருகிறோம் என்பவனும், கணக்கு முடக்கப்படும் என்று மிரட்டுகிறவனும் பிழையில்லாத தமிழில் எழுதுகிறார்கள். எங்கள் மாணவர்கள் சிலரைவிடச் சந்தி சுத்தமாகவே எழுதுகிறார்கள். முதலாமாண்டு மாணவர்கள் நால்வர் இவ்வாண்டு இருநூறும் இருநூறுமாகக் கடிதங்களைப் பிரித்துவருகின்றனர். ‘விடுப்பு’ இன்னும் நல்ல பக்கத்தில் அசையாமல் நிற்கிறது. ‘வணக்கம்’ சற்று நகர்ந்திருக்கிறது. ‘அன்புள்ள’ என்ற சொல் பாதிக்கு அருகில் வந்துவிட்டது.